திருமுழுக்கும் சாட்சிக் கடமையும்: பேராயர் அசரியாவின் பணி தரும் வரலாற்றுப் படிப்பினை

நற்செய்தியை அறிவிப்பது யாருடைய கடமை என்னும் கேள்விக்கு நம் சபைகளில் இருவகையான விடைகள் வழங்கி வருகின்றன. போதனை அளவில் கேட்டால், அது விசுவாசிகள் அனைவருக்கும் உரிய கடமை என்று எல்லாரும் ஒருமுகமாகச் சொல்வர். நடைமுறையைப் பார்த்தாலோ, அது சம்பளம் பெறும் சுவிசேஷகருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மிஷனெரிக் காணிக்கைக்கும், சேகரக் கமிட்டியின் நிகழ்ச்சிநிரலில் கடைசியாக வரும் ஒரு பொருளுக்கும் உரியதாகச் சுருங்கிவிடுகிறது. போதனைக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு நம் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. நம் முன்னோர் காலத்திலும் அது இருந்தது. அதனை உணர்ந்து வருந்தி, தம் வாழ்நாள் முழுவதையும் அதனை நீக்குவதற்கென்றே செலவிட்ட தமிழர் ஒருவர் நம்மிடையே தோன்றினார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் அப்பேராயரின் வரலாற்றை இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

அசரியாவைப் பற்றி நம் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்பதே அது. அது சிறப்புக்குரிய செய்திதான். ஆயினும் அதனோடு நின்றுவிடுவோமானால், அவர் வாழ்வின் மையத்தைத் தவறவிட்டவர்களாவோம். பதவி அவருக்கு இடையில் வந்தது. பதவிக்கு முன்னும் பின்னும் அவரை நடத்திச் சென்றது, திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் சாட்சியாக அழைக்கப்பட்டவரே என்னும் ஒரே உறுதிப்பாடாகும். அவ்வுறுதிப்பாடு அவருள் எவ்வாறு வளர்ந்தது, அவரை எங்கெல்லாம் கொண்டுசென்றது, எத்தகைய எதிர்ப்புகளைச் சந்தித்தது என்பவற்றை முறையாகக் காண்போம்.

1. நெல்லைத் திருச்சபையின் நிலை

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை எண்ணிப் பார்ப்பது இங்குப் பொருத்தமாகும். 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது மட்டுமே. அச்சிறு கூட்டத்தின் நடுவில் நின்றவர் குளோரிந்தா என்னும் கைம்பெண். அடுத்த கட்டத்தில், நாடார் சமூகத்திலிருந்து விசுவாசத்தை ஏற்ற தாவீது சுந்தரானந்தம் தம் உறவினரிடையே சென்று அறிவித்ததன் பயனாகத் தென்பகுதிச் சிற்றூர்களில் சபைகள் எழுந்தன. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்குப் புகலிடமாக 1799இல் முதலூர் உருவாயிற்று. 1820இல் ரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து பெரும்பணி ஆற்றுவதற்கு முன்னரே நிகழ்ந்தவை இவை. அதாவது, நெல்லைச் சபையின் வேர்களை ஊன்றியவர்களுள் குருப்பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகள் முக்கியமான இடத்தைப் பெறுகின்றனர். உறவினர் உறவினருக்கும், அயலார் அயலாருக்கும் சொன்ன செய்தியே அங்கே முதலில் பரவியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. மிஷன் நிலையங்கள், பள்ளிகள், உபதேசியார்கள், சேகரங்கள் என்னும் சீரான அமைப்பு உருவாயிற்று. இவ்வமைப்பினால் விளைந்த நன்மைகளை நாம் குறைத்துக் கூற முடியாது. எழுத்தறிவும், ஒழுங்கும், சுயமரியாதையும் அதன் வாயிலாகவே வந்தன. எனினும், ஊழியம் என்பது ஒரு பதவியாகவும், அப்பதவிக்குச் சம்பளம் என்பது இயல்பானதாகவும் கருதப்படும் மனப்பான்மையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. ‘ஊழியக்காரர்’ என்றால் மிஷனிடம் சம்பளம் வாங்குபவர் என்னும் பொருள் மக்கள் பேச்சில் நிலைபெற்றது.

இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை பணியாற்றிய ஹென்றி வென் என்பவர், மிஷனெரிப் பணியின் இலக்கை மூன்று சொற்களில் வகுத்திருந்தார். சபை தன்னைத் தானே தாங்க வேண்டும். தன்னைத் தானே ஆள வேண்டும். தன்னைத் தானே பரப்ப வேண்டும். நெல்லைச் சபை இவற்றுள் முதலாவதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது. இரண்டாவதிலும் சபைச் சங்கங்களின் வழியாக ஓரளவு பயிற்சி பெற்றது. மூன்றாவதோ தன் சமூகத்தார், தன் மொழியினர் என்னும் எல்லையைத் தாண்டவில்லை. முதலிரண்டும் நிறைவேறிய பின்னரே மூன்றாவது வரும் என்று எண்ணினார்கள் போலும். பிள்ளை வளர்ந்து, சொந்தக் காலில் நின்று, வீட்டை ஆளக் கற்ற பின்னர் பிறருக்கு உதவட்டும் என்பது அந்த எண்ணத்தின் போக்கு. இவ்வரிசைமுறையைத்தான் அசரியா பின்னாளில் தலைகீழாக்கினார்.

2. யாழ்ப்பாணத்தில் கிடைத்த விழிப்பு

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், மிஷன் பள்ளியில் பயின்ற காலத்தில் 1839இல் விசுவாசத்தை ஏற்றவர். பின்னர் அவ்வூரின் குருவானவராகப் பணியாற்றியவர். மகன் சிறுவனாயிருந்தபோதே தந்தையார் காலமானார். தாயார் எலன் அம்மையாரின் கண்டிப்பான பராமரிப்பில் மெய்ஞ்ஞானபுரத்திலும், பின்னர் திருநெல்வேலியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அசரியா பயின்றார். 1895இல் இளைஞர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் பணியில் சேர்ந்து, தென்னிந்தியாவெங்கும் பயணம் செய்யும் செயலரானார். 1896இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கரான ஷெர்வுட் எடி அவருடைய நெருங்கிய நண்பரானார். 1898இல் அசரியா அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பை மேற்கொண்ட முதல் சிலருள் இவ்வம்மையாரும் ஒருவர்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்டது அவருடைய மனத்தை உலுக்கியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து, கடல் கடந்து, தமிழகக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிட எண்ணிக்கையிலும் வசதியிலும் மிகுந்த நெல்லைச் சபை, நூறாண்டுகளுக்கு மேலான வரலாறு உடையதாயிருந்தும், தன் எல்லைக்கு அப்பால் வேற்று மொழி மக்களிடம் ஒருவரையும் அனுப்பியதில்லை. தம் சபையைப் பற்றிய வெட்கம் அவரைப் பற்றிக்கொண்டது.

இவ்வெட்கத்தின் கனியாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியராக வேண்டும், இந்தியப் பணமே செலவிடப்பட வேண்டும், இந்தியரே நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அயல்நாட்டு உதவி தாராளமாகக் கிடைத்த அக்காலத்தில் அதனை வேண்டாம் என்று விலக்கியது துணிவான செயலாகும். நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஹைதராபாத் நாட்டில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி பணித்தளமாகத் தெரிந்துகொள்ளப்பட்டது. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வில்லியம் கேரி பணியாற்றிய செராம்பூரில், பல சபைகளையும் சேர்ந்த இந்தியர் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அதிலும் அசரியா முன்னின்று, அதன் பொதுச் செயலராகப் பொறுப்பேற்றார்.

இந்நிகழ்ச்சிகளை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம், அது தகும். ஆனால் சங்கம் அமைப்பதிலும், காணிக்கை சேர்ப்பதிலும், ஊழியரை அனுப்புவதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அனுப்பிவிட்டோம் என்னும் நிறைவு, நாம் செய்ய வேண்டியது முடிந்தது என்னும் உணர்வாக எளிதில் மாறிவிடும். முன்பு அயல்நாட்டார் செய்ததை இப்போது நம் நாட்டார் ஒருவர் நமக்குப் பதிலாகச் செய்கிறார் என்பது மட்டுமே மாற்றமாக நின்றுவிடக்கூடும். அசரியா இவ்விடத்தில் நிற்கவில்லை.

3. அனுப்பியவர் தாமே சென்றது

1909இல் அசரியா தேசியப் பொறுப்பைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, தாம் அமைத்த சங்கத்தின் ஊழியராகத் தோர்ணக்கலுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 35. நாடெங்கும் அறியப்பட்ட பேச்சாளர். ஆங்கிலத்திலும் தமிழிலும் வல்லவர். அவ்விரு மொழிகளும் பயன்படாத சிற்றூர்ப் பகுதியில், தெலுங்கு மொழியை ஒரு தொடக்க மாணவரைப் போலக் கற்க வேண்டியிருந்தது. பிறரை ‘போங்கள்’ என்று அழைத்தவருக்கு, தாம் போகாதிருப்பது இயலாததாயிற்று.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள் வந்திருந்த அம்மாநாட்டில் ஆசியர் மிகச் சிலரே. அங்கே அசரியா ஆற்றிய உரை வரலாற்றில் இடம் பெற்றது. அயல்நாட்டு மிஷனெரிகள் தங்கள் பொருளையும் உடலையும் தியாகமாகத் தந்ததை அவர் நன்றியுடன் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நட்பு இல்லாததை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டி முடித்தார். கேட்டவருள் பலர் மனம் புண்பட்டனர். இவ்வுரையை இனவேறுபாட்டைக் கண்டிக்கும் உரையாக மட்டும் நாம் படித்துவருகிறோம். அதில் சாட்சியைப் பற்றிய ஆழமான உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. எசமானும் வேலையாளுமாக இருந்து ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கும் உறவிலிருந்து நற்செய்தி பிறக்காது. ஒரே மேசையில் அமரும் உறவிலிருந்தே அது பிறக்கும். தோர்ணக்கலில் இக்கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. அவர் தமிழர், கல்வியிலும் சமூக நிலையிலும் உயர்ந்தவர். அங்கிருந்த ஏழை மக்களுக்கு அவரும் வெளியூரிலிருந்து வந்த துரையாக நிற்கப்போகிறாரா, நண்பராக வாழப்போகிறாரா என்பதே அக்கேள்வி.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவிலுள்ள தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் இதற்குப் பெரிதும் பாடுபட்டார். இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் பணிபுரிவதா என்று முணுமுணுத்தவர் இருந்தனர். இந்தியர் சிலரும் ஐயம் கொண்டனர். அசரியா வாதாடவில்லை. அவர் கிராமங்களுக்குச் சென்றார்.

4. தோர்ணக்கலில் எளியோரின் சாட்சி

தோர்ணக்கல் பேராயத்தில் திருச்சபைக்கு வந்தவருள் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நிலமற்ற விவசாயத் தொழிலாளரும் தோல் தொழிலாளருமாகிய இவர்கள் ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டவர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். இத்தகையோருக்குத் திருமுழுக்கு அளிக்கும் எந்த ஆயரும் எளிதாக வரக்கூடிய முடிவு ஒன்றுண்டு. இவர்களுக்கு முதலில் படிப்பும் ஒழுங்கும் கற்றுத் தரவேண்டும், ஓரிரு தலைமுறைகள் கழிந்த பின்னர் இவர்கள் பிறருக்குச் சாட்சி சொல்லட்டும் என்பதே அது.

அசரியா அவ்வாறு காத்திருக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற மக்களை அவர் தங்கள் கைகளைத் தங்கள் தலைமேல் வைக்கச் செய்வார். தாம் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் என்றும், நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்றும் தம்மைத் தொடர்ந்து சொல்லச் செய்வார். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் தம்மைப் பற்றிக் கூறியது அது. அதனை அசரியா அப்போஸ்தலருக்கும் ஆயருக்கும் மட்டும் உரியதாக விடவில்லை. வயலில் நாற்று நடும் பெண்ணின் வாயிலும், செருப்புத் தைக்கும் ஆணின் வாயிலும் அதனை வைத்தார்.

இச்செயலின் இறையியல் பொருளை நாம் கவனிக்க வேண்டும். தலைமேல் கை வைப்பது குருப்பட்டத்தில் நிகழும் செயல். இங்கே விசுவாசி தன் கையையே, தண்ணீர் பட்ட தன் தலைமேல் வைக்கிறான். திருமுழுக்கே ஊழியத்துக்கான அபிஷேகம் என்பதனை இதைவிடத் தெளிவாகக் கிராம மக்களுக்குப் போதிக்க முடியுமா என்று நாம் வியக்கிறோம். விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்னும் சீர்திருத்தக் கோட்பாட்டை நாம் வகுப்பறையில் பல மணி நேரம் விளக்குகிறோம். தோர்ணக்கலில் அது உடலால் கற்பிக்கப்பட்டது.

இதனால் போதகர்களும் ஆசிரியர்களும் தேவையற்றவர்களாகிவிடவில்லை. மாறாக, அசரியா தம் காலத்துப் பேராயர் பலரைவிட இந்தியக் குருமாரைப் பயிற்றுவிப்பதில் மிகுந்த அக்கறை காட்டினார். கிராமங்களில் உபதேசியார்களும் ஆசிரியர்களும் பெருந்தொகையினராக அமர்த்தப்பட்டனர். அன்பு அம்மையார் பெண்களிடையே ஆற்றிய பணி இதற்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் இவர்கள் சபைக்குப் பதிலாகச் சாட்சி சொல்பவர்களாகக் கருதப்படவில்லை. சபையைச் சாட்சிக்கு ஆயத்தப்படுத்துபவர்களாகவே கருதப்பட்டனர். ஆண்டுதோறும் குறித்த காலத்தில் சபையார் ஆணும் பெண்ணுமாக அயலூர்களுக்குச் சென்று, தாங்கள் அறிந்ததைத் தங்கள் பேச்சிலும் பாட்டிலும் சொல்வது வழக்கமாக்கப்பட்டது.

தன்னைத் தாங்குதலும் இவ்வாறே பார்க்கப்பட்டது. ஏழைகள் என்பதற்காக அவர்களைக் காணிக்கையிலிருந்து அவர் விலக்கவில்லை. பணம் இல்லாதோர் தானியமும், கோழியும், முட்டையும் கொண்டுவந்து படைத்தனர். கொடுத்தலைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் பின்னாளில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பெற்றுக்கொள்ள மட்டுமே பழகிய மக்கள் சாட்சி பகர இயலாது என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கொடுக்கத் தன்னிடம் ஏதோ உண்டு என்று அறிந்தவனே பேசவும் துணிவான்.

சாட்சி என்பதனைச் சொல் அளவில் மட்டும் அவர் நிறுத்தவில்லை. குடி, கடன், நோய், அசுத்தம் ஆகியவற்றுக்கு எதிராகத் தம் சபைகளில் ஓயாது போராடினார். குடியை விட்டு, கடனிலிருந்து மீண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மாலா, மாதிகா விசுவாசிகளின் வாழ்க்கையைக் கண்ணால் கண்ட பிற சாதியார், 1930களில் தெலுங்கு நாட்டில் கணிசமான அளவில் திருச்சபையை நாடி வந்தனர். மேலோரை முதலில் சேர்த்தால் கீழோர் பின்தொடர்வர் என்று மிஷனெரிகள் சிலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இங்கு நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது.

1941ஆம் ஆண்டில் பேராயத்தின் கிறிஸ்தவ மக்கள்தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது. பேராயத்தின் எல்லை இடையில் விரிவாக்கப்பட்டதும் இப்பெருக்கத்துக்கு ஒரு காரணம் என்பதனை நேர்மையுடன் சொல்லவேண்டும். ஆயினும் கிராமந்தோறும் விசுவாசிகளே அயலாருக்கு அறிவித்திராவிட்டால் இவ்வளர்ச்சி நேர்ந்திருக்காது.

5. எழுந்த கேள்விகள்

இவ்வரலாற்றைப் புகழுரையாக மட்டும் சொல்லி முடிப்பது மாணவருக்குப் பயன்தராது. அசரியாவின் பணியை நோக்கிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. அவற்றுள் மூன்றினை இங்குக் குறிப்பிடுவோம்.

முதலாவது, காந்தியடிகள் எழுப்பிய கேள்வி. ஒடுக்கப்பட்ட மக்கள் ஆவிக்குரிய காரணங்களால் அன்றி, பள்ளி, மருத்துவமனை முதலிய நன்மைகளை நாடியே மதம் மாறுகின்றனர் என்றும், அறியாத மக்களிடம் இவ்வாறு செய்வது முறையன்று என்றும் 1930களில் அவர் தம் ‘ஹரிஜன்’ இதழில் வன்மையாக எழுதினார். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. நோக்கங்கள் கலந்தே வருகின்றன என்பதனைக் கிராமச் சபையில் பணியாற்றிய எவரும் அறிவர். ஆனால் அசரியா வேறொன்றையும் கண்டார். ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, ஆன்மப் பசி இல்லை என்று கருதுவது அவனுடைய மனிதத் தன்மையை மறுப்பதாகும். தன் சமயத்தைத் தானே தெரிந்துகொள்ளும் தகுதி கற்றவருக்கு உண்டு, கல்லாதவருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மேலும், தோர்ணக்கல் விசுவாசிகள் பெறுபவர்களாக மட்டும் இருக்கவில்லை. கொடுப்பவர்களாகவும் அறிவிப்பவர்களாகவும் ஆக்கப்பட்டனர். ஆதாயத்துக்காக வந்தார்கள் என்னும் குற்றச்சாட்டுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. சாட்சிக் கடமை இல்லாத சபையோ இக்குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்ல இயலாமல் நிற்கும்.

இரண்டாவது, அரசியல் பற்றிய கேள்வி. 1932இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறிஸ்தவருக்கும் தனித்தொகுதிகளை வழங்கியது. கிறிஸ்தவத் தலைவருள் சிலர் அதனை வரவேற்றனர். அசரியா எதிர்த்தார். தன் எண்ணிக்கையையும் இடங்களையும் காத்துக்கொள்ளும் வகுப்பாகத் திருச்சபை மாறிவிடும் என்பது அவருடைய அச்சம். எல்லா மக்களுக்கும் செய்தி உடைய சபை, தன்னை ஒரு சாதியைப் போல வேலியிட்டுக்கொள்வது அதன் இயல்புக்கே முரண் என்று அவர் கருதினார். புதிதாக வருபவன் ஓர் ஆத்துமாவாகக் காணப்படாமல் ஒரு வாக்காகக் காணப்படுவான் என்பதும் உண்மையல்லவா? அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1949இல், சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை அரசியல் நிர்ணய சபை கைவிட்டபோது கிறிஸ்தவத் தலைவர்கள் அதற்கு இசைந்தனர். ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையோ அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இடம்பெற்றது. தனித்தொகுதியைவிடச் சாட்சி பகரும் சுதந்தரமே திருச்சபைக்கு உயிரானது என்னும் அசரியாவின் கருத்து அங்கே ஒருவகையில் நிலைநாட்டப்பட்டது எனலாம்.

மூன்றாவது, சபைக்குள்ளேயே இருந்த கேள்வி. மாலாவும் மாதிகாவும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவராயினும், தம்முள் ஒருவரோடொருவர் உண்ணாதவர்கள். திருவிருந்தின் ஒரே பாத்திரம் அவர்களை ஒன்றாக்க வேண்டியிருந்தது. அசரியா இதற்காகத் தம் வாழ்நாள் முழுதும் உழைத்தார். ஆனால் முழு வெற்றி காணவில்லை. சாதிப் பிளவு அவருடைய இறுதிக் காலத்திலும் அவருக்கு மனவேதனை தந்தது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. அயலூருக்குச் சென்று அறிவிக்கும் சபை, தன் ஆலயத்துக்குள் யார் எங்கே அமர்கிறார்கள் என்பதாலும் ஏதோ ஒன்றை அறிவித்துக்கொண்டிருக்கிறது. நம் தமிழகச் சபைகள் இதில் தோர்ணக்கலைக் குறைகூறும் நிலையில் இல்லை.

6. சாட்சியும் ஒருமைப்பாடும்

1919ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் குருமார் 33 பேர் கூடினர். ஒருசிலர் தவிர மற்றனைவரும் இந்தியர். அவர்களைக் கூட்டியவருள் அசரியா முதன்மையானவர். பிரிந்து நிற்கும் சபைகள் இந்தியாவுக்கு நற்செய்தியை அறிவிக்கும் மாபெரும் பொறுப்பைத் தாங்க இயலாது என்னும் உணர்வே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் அடிப்படை. அப்பிரிவினைகளைத் தாங்கள் உண்டாக்கவில்லை என்றும், அவை மேல்நாட்டிலிருந்து தம்மீது சுமத்தப்பட்டவை என்றும் அவர்கள் உணர்ந்தனர். இவ்வறிக்கையிலிருந்து தொடங்கிய உரையாடல் 28 ஆண்டுகள் நீண்டு, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. அந்நாளைக் காண அசரியா இருக்கவில்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் தோர்ணக்கலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தென்னிந்தியத் திருச்சபை உருவானதைச் சட்டதிட்டங்களின் வரலாறாக, பேராயர் ஆட்சி பற்றிய விவாதங்களின் வரலாறாகவே நாம் பெரும்பாலும் கற்பிக்கிறோம். அதன் பிறப்பில் சாட்சிக் கடமை இருந்ததை நம் மாணவர் மறக்கலாகாது. ஒன்றுபடுவது நிர்வாக வசதிக்காக அன்று, உலகம் விசுவாசிப்பதற்காக. யோவான் நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் ஆண்டவர் ஏறெடுத்த ஜெபமும் அதுவே. ஒன்றிணைந்த சபை சொத்தைப் பற்றியும், பதவியைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருக்குமானால், தான் பிறந்த காரணத்தையே மறந்ததாகும்.

தோர்ணக்கலில் 1939ஆம் ஆண்டு பிரசன்னத் திருநாளன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தையும் இங்கு நினைவுகூரலாம். அதன் தூண்களிலும் குவிமாடங்களிலும் இந்திய ஆலய மரபும் இஸ்லாமியக் கட்டட மரபும் இணைந்துள்ளன. புறவினத்தாருக்கு ஆண்டவர் வெளிப்பட்ட திருநாளின் பெயரையே அவ்வாலயம் தாங்கி நிற்கிறது. ஊருக்குள் நுழையவும் அனுமதிக்கப்படாத மக்கள், நிமிர்ந்து நின்று தங்களுடையது என்று சொல்லக்கூடிய ஆலயம் அது.

7. நமக்குரிய படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும்: நற்செய்திப் பணி வளர்ச்சியடைந்த சபையின் கடைசிக் கனியன்று, சபையைச் சபையாக்கும் முதல் மூச்சு. நெல்லையில் நூறாண்டு வளர்ந்த சபை தாமதித்து உணர்ந்ததை, தோர்ணக்கலில் நேற்றுப் பிறந்த சபை முதல் நாளிலேயே கற்றது. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம், பதினோராம் அதிகாரங்களிலும் இதுவே காணப்படுகிறது. எருசலேமிலிருந்து சிதறடிக்கப்பட்ட பெயரறியாத விசுவாசிகள் போகுமிடமெங்கும் அறிவித்தனர். அவர்களால் அந்தியோகியாச் சபை உண்டாயிற்று. பர்னபாவும் பவுலும் பின்னரே அங்கு வந்து சேர்ந்தனர்.

குருமாராகிய நமக்கு இது ஆறுதலும் எச்சரிக்கையுமாகும். சபையின் சாட்சி முழுவதையும் நம் தோளில் சுமக்க நாம் அழைக்கப்படவில்லை என்பது ஆறுதல். சபையாரின் வாயிலிருந்து அதனை நாம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பது எச்சரிக்கை. பிரசங்கமும் வீட்டுச் சந்திப்பும் ஜெபமும் எல்லாம் நாமே செய்ய வேண்டியவை என்று பழக்கிவிட்ட ஆயர், நல்ல உழைப்பாளி என்று பெயர் பெறலாம். பேசாத சபை ஒன்றையே அவர் விட்டுச்செல்வார்.

திருமுழுக்கு ஆராதனைக்கும் திடப்படுத்தல் ஆயத்தத்துக்கும் நாம் தரும் இடத்தை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வகுப்புகளில் இளைஞர் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். தாங்கள் விசுவாசிப்பதை அயலார் ஒருவருக்குத் தங்கள் சொந்தச் சொற்களில் எவ்வாறு சொல்வார்கள் என்று நாம் அவர்களைக் கேட்பதுண்டா? கேட்டால் அவர்கள் தயங்குவர். அத்தயக்கத்தில்தான் நம் போதனை தொடங்க வேண்டும். பல சமயத்தாரோடு ஒரே தெருவில், ஒரே அலுவலகத்தில் வாழும் நம் மக்கள், வாதிடாமலும், பிறர் விசுவாசத்தை இழிவுபடுத்தாமலும், ஆசைகாட்டாமலும், அதே வேளையில் வெட்கப்படாமலும் தங்கள் ஆண்டவரைக் குறித்துப் பேசக் கற்க வேண்டும். எடின்பரோவில் அசரியா வேண்டிய நட்பே அதற்கு வழி. நண்பனாக இராதவன் சொல்லும் செய்தியை யாரும் கேட்பதில்லை.

இறையியல் மாணவரே, நாளை உங்களிடம் ஒரு சேகரம் ஒப்படைக்கப்படும். பதிவேடுகளும் கணக்குகளும் கட்டடங்களும் உங்கள் நேரத்தைக் கேட்கும்; அவற்றையும் உண்மையாய்ச் செய்யுங்கள். ஆனால் உங்கள் கையால் திருமுழுக்குப் பெறும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, ஆத்துமா ஒன்று சேர்க்கப்பட்டது என்று எழுதி நிறுத்திவிடாமல், சாட்சி ஒருவர் எழுப்பப்பட்டார் என்று எண்ணி, அதற்கேற்ப அவரைப் போதித்து வளர்ப்பீர்களாக. அவ்வாறு செய்வதற்கு வேண்டிய பெலனைச் சபையின் கர்த்தர் தாமே நமக்கு அருளுவாராக.